ஷெல் ஹிஸ்டரி பிறந்த கதை

யூனிக்ஸ் பிறந்த புதிதில் அதன் ஷெல்லுக்கு ஞாபகசக்தி கிடையாது. அதற்குத் தேவையும் இருக்கவில்லை. நியூ ஜெர்சியின் மர்ரே ஹில்லில், பெல் ஆய்வகத்தில், கென் தாம்சனும் டென்னிஸ் ரிச்சியும் பிடிபி-11 கணினியோடு பேசியது டெலிடைப் 33 என்ற தட்டச்சு இயந்திரம் வழியாக. நொடிக்கு 10 எழுத்து அடிப்பதுதான் அதன் வேகம். அடித்த கட்டளை, கணினி தந்த பதில், நடுவில் செய்த பிழை எல்லாம் ஒரே காகிதச் சுருளில் வரிசையாக இறங்கும். காலையில் என்ன செய்தோம் என்று தெரிய வேண்டுமானால் சுருளை இழுத்துப் பார்த்தால் போதும். மின்சாரம் போனாலும் கணினியே கவிழ்ந்தாலும் காகிதத்தில் பதிந்த மை அங்கேயே இருக்கும்.

இன்று லினக்ஸிலோ மேக்கிலோ மேல் அம்புக்குறியைத் தட்டி, போன வாரம் அடித்த நீளமான கட்டளையை மீட்டெடுக்கிறோமே, அந்த வசதி செய்வது இந்தக் காகிதம் செய்த வேலையைத்தான். அதன் பிறப்பைச் சொல்லப் போனால் இன்னொன்றின் பிறப்பையும் சேர்த்தே சொல்ல வேண்டும். அது கணினியை ஒழுங்காக அணைக்கும் ஷட்டவுன் கட்டளை. இரண்டும் ஒரே காலத்தில் வளர்ந்தவை. ஷெல்லின் ஞாபகம் ஷட்டவுனின் மரியாதையை நம்பியே இருந்தது. அந்தப் பிணைப்பு பிற்காலத்தில் அறுந்துபோனதால்தான், கணினியை முறைப்படி அணைத்தவர்களே மறுநாள் வந்து, நேற்று அடித்த கட்டளைகளைக் காணாமல் தேடுகிறார்கள்.

முதலில் வட்டின் கதை. யூனிக்ஸின் கெர்னல், ஒரு நிரல் எழுதச் சொன்னதை உடனே வட்டில் எழுதுவதில்லை. கடைக்காரர் பகல் வியாபாரத்தைச் சிட்டையில் குறித்துவைத்து, ஓய்ந்த நேரத்தில் பேரேட்டில் ஏற்றுவதுபோல, அது எழுத வேண்டியதை நினைவகத்தில் வைத்துக்கொண்டு பிறகு வட்டுக்கு அனுப்பும். வட்டு மிக மெதுவான பொருளாக இருந்த காலத்தில் யூனிக்ஸ் வேகமாக இயங்கியதற்கு இந்த ஏற்பாடும் ஒரு காரணம். இதில் ஆபத்தும் இருந்தது. சிட்டை பேரேட்டுக்குப் போகும் முன் மின்சாரம் போனால் கணக்கு பொய்த்துவிடும். எந்தக் கட்டங்கள் காலி, எந்தக் கோப்பு எங்கே இருக்கிறது என்று குறித்துவைக்கும் சூப்பர் பிளாக்கும் ஐநோட்களும் ஒன்றுக்கொன்று முரண்படும். ஒரே இடத்தை இரண்டு கோப்புகள் தமது என்று உரிமை கோரும்.

இதற்காகவே சிங்க் என்ற கட்டளை இருந்தது. நினைவகத்தில் நிலுவையில் இருப்பதையெல்லாம் வட்டுக்கு அனுப்பச் சொல்வது அதன் வேலை. மறதிக்குக் காப்பாக, அப்டேட் என்ற சிறு நிரல் பின்னணியில் 30 நொடிக்கு ஒரு முறை அதே வேலையைச் செய்துகொண்டிருந்தது. கணினியை அணைப்பதற்கென்று அன்று தனிக் கட்டளை இல்லை. சிங்க் அடித்துவிட்டு, பெட்டியின் முகப்பில் இருந்த சுவிட்சால் இயந்திரத்தை நிறுத்துவார்கள்.

மூன்று முறை சிங்க் அடிக்கும் பழக்கம் அப்போது பிறந்தது. பலர் அதை மந்திரம்போலக் கற்றார்கள். கற்பித்தவர்களிலும் பலருக்குக் காரணம் தெரியாது. ஆனால் காரணம் திட்டமானது. சிங்க், எழுதும் வேலையைத் தொடங்கிவைத்துவிட்டு உடனே திரும்பிவிடும். முடியும் வரை காத்திராது. ஆகவே மூன்று தனித்தனி வரிகளில், ஒவ்வொன்றுக்கும் பதில் வந்தபின் அடுத்ததைத் தட்டினால், அந்த மெதுவான டெலிடைப்பில் கழியும் நேரத்தில் வட்டு தன் வேலையை முடித்துவிடும். வட்டுக்குத் தேவையான அவகாசத்தை மனிதனின் விரல்கள் தந்தன. மூன்றையும் ஒரே வரியில் அரைப்புள்ளி போட்டு அடிக்கிறவர்கள் அந்த அவகாசத்தைத் தருவதே இல்லை. லினக்ஸில் 1.3.20 பதிப்பு முதலே சிங்க் எழுதி முடியும் வரை காத்திருக்கிறது. அங்கே ஒரு முறை போதும்.

ஒழுங்காக அணைக்காமல் கெட்டுப்போன கோப்பு அமைப்பைச் சரிசெய்ய, ஆரம்பத்தில் ஐசெக், டிசெக் போன்ற தனித்தனி நிரல்களை வைத்துக்கொண்டு ஒருவர் கையால் மல்லுக்கட்ட வேண்டியிருந்தது. அவற்றின் வேலையை ஒன்றாக்கி எஃப்எஸ்செக் என்ற நிரலை எழுதியவர் டெட் கோவால்ஸ்கி. வேர்க் கோப்பு அமைப்பைப் பழுது பார்த்தபின் அந்நிரல் தந்த எச்சரிக்கை என்னை எப்போதும் ஈர்க்கும்: சிங்க் செய்யாமல் கணினியை மறுபடி தொடங்கு என்று அது பெரிய எழுத்தில் சொல்லும். நினைவகத்தில் இருப்பது பழுதான பழைய கணக்கு. சிங்க் செய்தால் அது திருத்திய கணக்கின்மேல் ஏறிவிடும். தனக்குக் கொடுக்கப்பட்டதைத்தான் சிங்க் எழுதும். கொடுக்கப்பட்டது சரியா, முழுமையா என்பது அதற்குத் தெரியாது. இது நம் கதைக்கு மறுபடி தேவைப்படும்.

இனி ஷெல்லுக்கு வருவோம். 1970களின் பிற்பாதியில் காகிதச் சுருள் விடைபெற்றது. அதன் இடத்தில் கண்ணாடித் திரை வந்தது. கலிஃபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் முதுநிலை மாணவராக இருந்த பில் ஜாய் பயன்படுத்தியது லியர் சீக்லர் நிறுவனத்தின் ஏடிஎம்-3ஏ டெர்மினல். அதில் ஹோம் என்ற விசையும் ~ என்ற குறியும் ஒரே பொத்தானில் இருந்தன. தன் வீட்டு அடைவை ~ என்று குறிக்கும் வழக்கம் அங்கிருந்துதான் வந்தது. அதே விசைப்பலகையில் அம்புக்குறிகள் ஹெச், ஜே, கே, எல் எழுத்துகளின்மேல் அச்சாகியிருந்தன. விஐ எடிட்டரில் இன்றும் அவையே கர்சரை நகர்த்துகின்றன.

காகிதத்தைவிடத் திரை வேகமானது, சத்தமில்லாதது. ஆனால் அதற்கு 24 வரிதான் கொள்ளளவு. 25ஆவது வரி வந்ததும் முதல் வரி மேலே போய் மறைந்துவிடும். காகிதம் இலவசமாகத் தந்த ஞாபகத்தை ஷெல்லே தர வேண்டிய கட்டாயம் அப்போது வந்தது என்பதே என் எண்ணம். 1979இல் பெர்க்லியின் இரண்டாம் தொகுப்பில் விஐயோடு சேர்ந்து வெளியான ஜாயின் சி ஷெல்லில் ஹிஸ்டரி இருந்தது. ! குறியை இரு முறை தட்டினால் முந்தைய கட்டளை திரும்ப ஓடும். ! குறிக்குப் பின் ஓர் எழுத்தைத் தட்டினால் அந்த எழுத்தில் தொடங்கிய கடைசிக் கட்டளை ஓடும். கட்டளையில் ஒரு சொல் தவறென்றால் இரண்டு ^ குறிகளுக்கு நடுவே பழையதை எழுதி, பின்னால் புதியதை எழுதினால் திருத்தி ஓட்டும். அன்றைய யூனிக்ஸ் பயனர்களுக்கு இது பெரிய விடுதலை. அதே ஆண்டில் பெல் ஆய்வகத்திலிருந்து யூனிக்ஸின் 7ஆம் பதிப்போடு வந்த போர்ன் ஷெல், நிரல் எழுதுவதற்கு எவ்வளவோ நேர்த்தியானது. ஆனால் அதில் ஹிஸ்டரி கிடையாது.

எண்ணத்தின் வேர் யூனிக்ஸுக்கு வெளியிலும் இருந்தது. இன்டர்லிஸ்ப் சூழலில் வாரன் டைடல்மன் உருவாக்கிய நிரலாளர் உதவியாளன், செய்தவற்றையெல்லாம் பட்டியலாக வைத்திருந்து, மறுபடி செய், திருத்திச் செய், செய்ததை விலக்கு என்ற கட்டளைகளை 1970களின் தொடக்கத்திலேயே தந்தது. கணினி தன் பயனர் சொன்னதை மறக்கக் கூடாது என்று அத்தனை முன்னதாக ஒருவர் நினைத்திருக்கிறார்.

இப்போது முக்கியமான கேள்வி. சி ஷெல் இந்தப் பட்டியலை எங்கே வைத்திருந்தது? தன் சொந்த நினைவகத்தில். கெர்னலின் சிட்டையில்கூட இல்லை. சேவ்ஹிஸ்ட் என்ற மாறியைப் பயனர் அமைத்திருந்தால், அவர் லாக்அவுட் செய்யும்போது ஷெல் கடைசிச் சில கட்டளைகளை வீட்டு அடைவில் ஒரு மறைகோப்பில் எழுதிவைக்கும். அடுத்த முறை உள்ளே வரும்போது படித்துக்கொள்ளும். எழுதும் நேரம் ஒன்றுதான், விடைபெறும் நேரம். ஒரே கணினியைப் பலர் பகிர்ந்துகொண்டு, ஒவ்வொரு வட்டு அசைவும் எல்லோருக்கும் செலவாக இருந்த காலத்தில் அது நியாயமான முடிவாகவே எனக்குத் தோன்றுகிறது. எல்லோரும் வேலை முடிந்ததும் லாக்அவுட் செய்துவிட்டுத்தானே எழுந்துபோகிறார்கள்?

அணைக்கும் பக்கத்தில், 1980இல் வெளியான பெர்க்லியின் நான்காம் தொகுப்பில் ஷட்டவுன் கட்டளை வந்தது. அந்தக் கட்டளையின் நடத்தையைக் கூர்ந்து பார்த்தால், அது இயந்திரத்தைவிட மனிதர்களை மனதில் வைத்து எழுதப்பட்டது தெரியும். எப்போது அணைக்க வேண்டும் என்று அதனிடம் நேரம் சொல்ல வேண்டும். உடனே அது உள்ளே இருக்கும் ஒவ்வொருவரின் திரையிலும் எச்சரிக்கை அனுப்பும். நேரம் நெருங்க நெருங்க எச்சரிக்கை அடிக்கடி வரும். கடைசி 5 நிமிடத்தில் நோலாகின் என்ற கோப்பை உருவாக்கி, புதிதாக யாரும் உள்ளே வராதபடி வாசலை அடைக்கும். உள்ளே இருப்பவர்கள் எழுதிக்கொண்டிருந்த கோப்பைச் சேமித்து, லாக்அவுட் செய்து வெளியேறுவார்கள்.

அந்த லாக்அவுட்டில்தான் ஷெல்லின் ஞாபகம் கோப்பாக மாறியது. எச்சரிக்கை வந்தது, மனிதர் விடைபெற்றார், ஷெல் தன் பட்டியலைக் கெர்னலிடம் ஒப்படைத்தது, சிங்க் அதை வட்டில் ஏற்றியது, இயந்திரம் நின்றது. ஒவ்வொரு கண்ணியும் முந்தைய கண்ணியை நம்பி இருந்தது. ஹிஸ்டரியைக் காப்பாற்ற ஷட்டவுனில் யாரும் ஒரு வரிகூட எழுதத் தேவையில்லாமல் போனதற்குக் காரணம், நடுவில் ஒரு மனிதர் இருந்ததுதான்.

1983 ஜூலையில் டொராண்டோவில் நடந்த யூஸ்நிக்ஸ் மாநாட்டில் பெல் ஆய்வகத்தின் டேவிட் கோர்ன் தன் ஷெல்லை அறிவித்தார். கோர்ன் ஷெல்லில் என்னை மிகவும் கவர்ந்தது ஹிஸ்டரியைப் பற்றி அவர் எடுத்த முடிவு. விடைபெறும் நேரத்துக்காக அது காத்திருப்பதில்லை. கட்டளையை உள்ளிட்ட அப்போதே கோப்பில் எழுதிவிடுகிறது. ஒரே பயனர் நான்கு டெர்மினல்களில் நான்கு ஷெல்களைத் திறந்திருந்தாலும் நான்கும் ஒரே கோப்பைப் பகிர்ந்துகொள்ளும். ஒன்றில் அடித்ததை இன்னொன்றில் எடுக்கலாம். பயனர் வேறு எண்ணிக்கை தராவிட்டால் கடைசி 128 கட்டளைகள் கையில் இருக்கும். ஷெல் எந்த விதமாகச் செத்தாலும் கெர்னலிடம் ஒப்படைத்தது ஒப்படைத்ததுதான். டெலிடைப் காகிதத்தின் குணத்தை முழுமையாக மீட்டுத் தந்தது கோர்ன் ஷெல்தான் என்று தயங்காமல் சொல்வேன்.

ஆனால் அது பெல் ஆய்வகத்தை நடத்திய ஏடி அண்ட் டியின் உடைமையாகவே நெடுங்காலம் இருந்தது. 2000ஆம் ஆண்டில்தான் அதன் மூலநிரல் திறக்கப்பட்டது. அதற்குள் உலகம் வேறு ஷெல்லைப் பிடித்துக்கொண்டிருந்தது. ரிச்சர்ட் ஸ்டால்மனின் கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளைக்காக பிரையன் ஃபாக்ஸ் 1988 ஜனவரியில் எழுதத் தொடங்கி, 1989 ஜூனில் வெளியிட்ட பாஷ். லினஸ் டோர்வால்ட்ஸ் 1991 ஆகஸ்டில் தன் புதிய கெர்னலை உலகுக்கு அறிவித்தபோது அதில் ஏற்கெனவே ஓடிக்கொண்டிருந்த நிரல்களில் பாஷ் 1.08 ஒன்று. லினக்ஸ் போன இடமெல்லாம் பாஷும் போனது. கிளீவ்லாந்தில் உள்ள கேஸ் வெஸ்டர்ன் ரிசர்வ் பல்கலைக்கழகத்தின் செட் ரேமி பல பத்தாண்டுகளாக அதைப் பராமரித்து வருகிறார்.

பாஷ் நிறைய நல்லவற்றைக் கோர்ன் ஷெல்லிடமிருந்து எடுத்துக்கொண்டது. ஹிஸ்டரியை எழுதும் நேரத்தில் மட்டும் சி ஷெல்லின் வழியிலேயே நின்றது. ஷெல் முடியும்போதுதான் பட்டியல் கோப்புக்குப் போகும். நாள் முழுக்கத் திறந்திருக்கும் பாஷில் நாள் முழுக்க அடித்தவை அந்த நிரலின் நினைவகத்தில் மட்டுமே இருக்கும்.

இதற்குள் மனிதர்கள் மாறிவிட்டார்கள். கணினி அறையில் பொறுப்பாளர், டெர்மினல்களில் பயனர்கள் என்ற ஏற்பாடு போய், மேசைக் கணினியில் இருவரும் ஒருவரே ஆனார்கள். தனக்குத்தானே 5 நிமிட எச்சரிக்கை யார் அனுப்புவார்? ஷட்டவுன் கட்டளைக்கு நேரமாக ‘நவ்’ என்று கொடுப்பதே வழக்கமானது. எச்சரிக்கையும் லாக்அவுட்டும் சங்கிலியிலிருந்து கழன்றன. அவற்றின் இடத்தில் சிக்னல்கள் மட்டும் நின்றன.

சிக்னல்களின் விவரத்தில்தான் இழப்பின் காரணம் இருக்கிறது. அணையும் லினக்ஸ் எல்லா நிரல்களுக்கும் முதலில் 15ஆம் எண் சிக்னலான டெர்மை அனுப்பும். முடித்துக்கொள் என்ற கோரிக்கை அது. சில நொடி அவகாசத்துக்குப் பின் 9ஆம் எண்ணான கில் வரும். அதை எந்த நிரலும் மறுக்கவோ தள்ளிப்போடவோ முடியாது. பயனரோடு உரையாடிக்கொண்டிருக்கும் பாஷ் டெர்மைப் பொருட்படுத்தாது. தன் குழுவில் உள்ள நிரல்களுக்கெல்லாம் பயனர் டெர்ம் அனுப்பும்போது ஷெல்லும் சேர்ந்து சாகக் கூடாது என்ற நல்ல காரணத்துக்காக அப்படி அமைத்தார்கள். விளைவாக, அவகாசம் முழுவதும் பாஷ் அடுத்த கட்டளைக்குக் காத்தபடி சும்மா நிற்கும். பிறகு கில் வந்து வெட்டும்போது பட்டியலும் சேர்ந்து போகும். அதற்குப் பின் வரும் சிங்க் எத்தனை முறை ஓடினாலும் பயனில்லை. கொடுக்கப்படாததை அது எழுத முடியாது.

பாஷ் மதிக்கும் சிக்னல் வேறு. 1ஆம் எண்ணான ஹேங்கப். தொலைபேசி மோடம் வழியாக உள்ளே வந்தவரின் இணைப்பு அறுந்தால் அவருடைய ஷெல்லுக்குத் தகவல் சொல்லப் பிறந்தது அது. இன்று டெர்மினல் சன்னலை மூடினாலும் அதுவே போகிறது. ஹேங்கப் வந்தால் பாஷ் ஹிஸ்டரியை எழுதிவிட்டுத்தான் முடியும். மூடும் பொத்தானை அழுத்தியவர்களின் ஹிஸ்டரி தொலையக் கூடாது என்றே இப்படிச் செய்திருப்பதாக அதன் மூலநிரலில் விளக்கம் எழுதியிருக்கிறது. பெர்க்லியின் 4.4 பதிப்பில் மற்ற நிரல்களைத் தொடங்கவும் நிறுத்தவும் பொறுப்பேற்ற இனிட் என்ற நிரல், அணைக்கும்போது ஹேங்கப், டெர்ம், கில் என்று இந்த வரிசையில்தான் அனுப்பியது. லினக்ஸில் பல ஆண்டு வழங்கிய பழைய இனிட் ஏற்பாட்டில் டெர்மும் கில்லும் மட்டுமே. 2010இல் லெனார்ட் போட்டரிங்கும் கே சீவர்ஸும் தொடங்கிய, பழைய இனிட்டின் இடத்தைப் பிடித்த சிஸ்டம்டியில், பயனர் அமர்வுகளுக்கு டெர்மைத் தொடர்ந்து ஹேங்கப்பும் போகும்படி வைத்தார்கள். ஷெல் போன்ற நிரல்களுக்கு இணைப்பு அறுந்ததைத் தெரிவிக்கவே இது என்று அதன் கையேடு சொல்கிறது. முன்பு மனிதர் நின்ற இடத்தை ஓரளவு அது நிரப்புகிறது.

ஓரளவுதான். பழைய விநியோகங்கள், கன்டெய்னர்கள், தொங்கிப்போன கணினியை மேஜிக் சிஸ்ரெக் விசையால் அணைக்கும் நேரம் இவற்றிலெல்லாம் பழைய இழப்பு காத்திருக்கிறது. அந்த விசைக்கென ஆர், ஈ, ஐ, எஸ், யு, பி என்று நிர்வாகிகள் மனப்பாடம் செய்யும் வரிசையில் ஈ என்பது டெர்ம், ஐ என்பது கில், எஸ் என்பது சிங்க். கோப்பு அமைப்பைக் காக்க அருமையான வரிசை. ஷெல்லின் ஞாபகத்துக்கு அதில் இடமில்லை.

ஆகவே சிக்னலை நம்பாமல், கோர்ன் செய்ததை நாமே பாஷில் செய்துகொள்வதுதான் உறுதியான வழி. ஹிஸ்டரி கட்டளைக்கு ‘-ஏ’ என்ற விருப்பம் தந்தால், இந்த அமர்வில் இதுவரை எழுதப்படாத வரிகளை அப்போதே கோப்பின் முடிவில் சேர்க்கும். புராம்ப்ட் கமாண்ட் என்ற மாறியில் அதை வைத்துவிட்டால், ஒவ்வொரு முறை புராம்ப்ட் காட்டும் முன்னும் பாஷ் தானே அதை ஓட்டும். கூடவே ஹிஸ்ட்அப்பெண்ட் அமைப்பையும் இயக்கிவிட வேண்டும்; ஒரு ஷெல் முடியும்போது மற்ற ஷெல்களின் வரிகளை மேலெழுதாமல் அது தடுக்கும். இயல்பாக 500 ஆக இருக்கும் கட்டளை எண்ணிக்கையைப் பல ஆயிரமாக உயர்த்துவதிலும் தவறில்லை. 1990இல் பிரின்ஸ்டனில் பால் ஃபால்ஸ்டாட் எழுதிய, 2019 முதல் மேக் கணினிகளில் இயல்பாக வரும் இசட் ஷெல்லில், உடனுக்குடன் எழுதுவதற்கென்றே தனி அமைப்பு இருக்கிறது. அமைப்பு எதையும் மாற்ற முடியாத அந்நியக் கணினி என்றால், திறந்திருக்கும் ஒவ்வொரு ஷெல்லிலிருந்தும் எக்ஸிட் அடித்து வெளியே வந்து, கடைசியாக மிஞ்சும் ஒன்றில் ‘ஹிஸ்டரி -ஏ’ ஓட்டிவிட்டு அணைக்கலாம். வேறு யாராவது உள்ளே இருக்கும் சர்வரில் ‘நவ்’ என்று அடிக்கும் கையைக் கொஞ்சம் அடக்கி, 1980இல் வந்த கட்டளை கேட்டதுபோலச் சில நிமிடம் கொடுக்க வேண்டும். அவர்களுடைய நினைவகத்தில் என்ன இருக்கிறது என்று நமக்குத் தெரியாது.

எல்லாம் கோப்பில் தங்கத் தொடங்கியதும் இன்னொரு சிக்கல் முளைக்கிறது. நேற்று கடைசியாக அடித்தது அணைக்கும் கட்டளை. இன்று காலை மேல் அம்புக்குறியைத் தட்டியதும் முதலில் வந்து நிற்பதும் அதுவே. கவனமில்லாமல் என்டர் தட்டினால் இப்போதுதான் எழுந்த சர்வர் மறுபடி படுத்துவிடும். ! குறியோடு எஸ் எழுத்தைத் தட்டி சிங்க் ஓடும் என்று எதிர்பார்த்தவருக்கு, அதே எழுத்தில் தொடங்கும் ஷட்டவுன் ஓடும் வாய்ப்பும் உண்டு. தொலைவிலிருந்து இணைந்திருப்பவரிடம், அணைக்கப்போகும் கணினியின் பெயரைத் தட்டச்சு செய்யச் சொல்லிக் கேட்கும் மாலி-கார்ட் என்ற சிறு காவல் நிரல் டெபியனில் இருக்கிறது. தவறிப்போய் வேறு கணினியை அணைக்காமல் இருக்க அது உதவும். பாஷிலேயே ஹிஸ்ட்இக்னோர் என்ற மாறி இருக்கிறது. ஷட்டவுன், ரீபூட், பவர்ஆஃப் ஆகிய மூன்றுக்கும் வடிவங்களை அதில் முக்காற்புள்ளியால் பிரித்து எழுதிவைத்தால் அவை பட்டியலில் ஏறவே ஏறா. வடிவம் முழு வரிக்கும் பொருந்த வேண்டும் என்பதால் ஒவ்வொன்றின் முடிவிலும் நட்சத்திரக் குறி தேவை. சூடோவோடு சேர்த்து அடிக்கும் பழக்கம் இருந்தால் சூடோவில் தொடங்கும் வடிவத்தையும் தனியாகச் சேர்க்க வேண்டும்.